இணையத்தில் சங்கத்தின் கடை
(ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர்)

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுவதில்லை என்று சொல்வது நம்மவர் வழக்கம். ஆனால் பூவின் மணம் தெருக்கோடி வரையில்தான் செல்லும். சென்னிமலையில் நெய்த போர்வையை மதுரையில் இருப்பவரும், ஈரோட்டில் விளைந்த மஞ்சளைச் சென்னையில் இருப்பவரும் வாங்க வேண்டுமானால் மணத்தை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. இதற்காகவே நம் சங்கங்கள் கண்காட்சிகளுக்குச் சரக்கு அனுப்பின. விற்பனை நிலையங்களைத் திறந்தன. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் வாயிலாகத் துணிகளை நாடெங்கும் கொண்டு சென்றன. அவை யாவும் இன்றும் வேண்டியவையே. ஆயினும் இன்று பொருள் வாங்க நினைப்பவர் முதலில் திறப்பது கடைக் கதவை அன்று. தம் கையிலுள்ள பேசியையே. அதில் நம் சங்கத்தின் பெயரைத் தேடி ஒன்றும் கிடைக்காமற்போனால் அவர் வேறிடம் சென்றுவிடுகிறார். அங்கே விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே சங்கங்களும் சிறு உற்பத்தியாளர்களும் இணையத்தில் தமக்கென ஒரு தளம் வைத்துக்கொள்வதை இனி ஆடம்பரம் என்று கருதுவதற்கில்லை. ஆய்வுக்காகச் சங்கங்களுக்குச் செல்லுங்கால் நிர்வாகிகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. செலவு எவ்வளவு? யாரிடம் ஒப்படைப்பது? அதில் என்ன எழுதுவது? ஏமாறாமல் இருப்பது எவ்வாறு? இக்கேள்விகளுக்கு ஒருங்கே விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொந்தக் கடையா, வாடகைக் கடையா?

இணையத்தில் விற்பனை செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெரிய வியாபார நிறுவனங்கள் நடத்தும் இணையச் சந்தைகளில் நம் சரக்கை வைப்பது. அல்லது முகநூல், வாட்ஸ்அப் போன்றவற்றில் ஒரு பக்கம் திறந்துகொள்வது. மற்றொன்று, சங்கத்தின் பெயரிலேயே ஒரு வலைத்தளம் அமைத்துக்கொள்வது. முன்னது வாடகைக் கடை. பின்னது சொந்தக் கடை.

வாடகைக் கடையில் ஜனக்கூட்டம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அங்கே விதி வகுப்பவர் கடைக்கு உடையவர். கட்டணத்தை உயர்த்துவதும், நம் பொருளைப் பின்னுக்குத் தள்ளுவதும், ஏதோ ஒரு விதியைக் காட்டிக் கணக்கை நிறுத்திவைப்பதும் அவர் கையில் இருக்கின்றன. வாங்கியவர் யார், அவர் மறுபடியும் என்ன விரும்புவார் என்ற விவரமும் அவரிடமே தங்கிவிடுகிறது. நூல் வியாபாரியிடமும் தரகரிடமும் கட்டுப்பட்டுக் கிடந்த நிலையிலிருந்து மீள்வதற்கன்றோ நெசவாளர் சங்கங்கள் தோன்றின? புதியதொரு தரகருக்கு நம்மை முழுவதும் ஒப்படைத்துவிடலாகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2,000 ரூபாய் விலையுள்ள ஒரு சேலையைச் சந்தைத் தளத்தில் விற்கும்போது எல்லாக் கட்டணங்களும் சேர்ந்து நூற்றுக்கு 20 ஆகின்றது என்று கொள்வோம். 400 ரூபாய் போய்விடும். மாதம் 25 சேலைகள் விற்றால் 10,000 ரூபாய். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். இதில் பாதி விற்பனை சங்கத்தின் சொந்தத் தளத்தின் வாயிலாக நடைபெறுமாயின் 60,000 ரூபாய் மிச்சமாகும். தளத்திற்குரிய செலவைக் கழித்த பின்னரும் போனஸுக்கோ பங்கு ஈவுத்தொகைக்கோ உதவக்கூடிய தொகை அது.

எனினும், சொந்தத் தளம் அமைத்த மறுநாளே வாடிக்கைக்காரர்கள் வந்து குவிவார்கள் என்று எண்ணலாகாது. சந்தைத் தளங்களையும் வாட்ஸ்அப்பையும் கைவிட வேண்டுவதில்லை. அவற்றைத் தெருமுனைப் பெயர்ப்பலகையாக வைத்துக்கொண்டு, வருபவரைச் சொந்தக் கடைக்கு அழைத்து வருவதே முறை. அனுப்பும் ஒவ்வொரு கட்டிலும் சங்கத்தின் தள முகவரி அச்சிட்ட சீட்டு ஒன்றை வைக்கலாம். இவ்வாறு சீட்டு வைப்பதைச் சில சந்தைத் தளங்கள் தம் விதிகளில் தடை செய்திருக்கும்; ஆகையால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்த பிறகே செய்தல் நலம்.

இந்த வலை யாருடையது என்றும் சிலர் கேட்பதுண்டு. 1989-இல் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் இதனை வகுத்தார். 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி அந்நிலையம் யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டது. ஊர்ப் பொதுக் கிணறு போன்ற இதில் நாமும் ஒரு குடம் முகந்துகொள்ள உரிமை உடையவர்களே.

பெயர் யார் பெயரில் இருக்கிறது?

வலைத்தளத்திற்கு ஒரு முகவரிப் பெயர் வேண்டும். அதனை டொமைன் என்பார்கள். பல சங்கங்கள் இடறி விழும் இடம் இதுவே.

நெசவாளர் சங்கம் ஒன்றில் நடந்ததைச் சொல்லுகிறேன். சங்கத்தின் பெயர் வேண்டுவதில்லை. தளம் அமைத்துக் கொடுத்த இளைஞர் முகவரியைத் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிவு செய்தார். அதில் வஞ்சனை ஒன்றுமில்லை; அதுவே சுலபமாயிருந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் வெளியூரில் வேலைக்குச் சென்றுவிட்டார். புதுப்பிக்கும் நாள் பற்றிய நினைவூட்டல் அவருடைய பழைய மின்னஞ்சலுக்கு வந்து படிப்பாரின்றிக் கிடந்தது. தவணை கடந்தது, பெயர் பொதுவிற்பனைக்கு வந்தது, முன்பின் அறியாத ஒருவர் அதனை வாங்கிக்கொண்டார். சங்கத்தின் துணிப்பைகளிலும் நாட்காட்டியிலும் அச்சிட்டிருந்த முகவரியைத் தட்டினால் வேறு ஏதோ வியாபாரம் தோன்றியது. உறுப்பினர்கள் பல ஆண்டுகள் உழைத்துத் தேடிய நற்பெயர், சில நூறு ரூபாய் கட்டாததால் பிறர் கைக்குப் போயிற்று.

இத்தகைய நஷ்டம் நேராதிருக்கக் கீழ்க்கண்டவற்றைச் செய்தல் வேண்டும்.

முதலாவது, முகவரிப் பெயர் சங்கத்தின் பெயரில் பதிவாக வேண்டும். தொடர்பு மின்னஞ்சல் தனி மனிதருடையதாயிராமல் சங்க அலுவலகத்தினுடையதாக இருக்க வேண்டும். கட்டண ரசீதும் சங்கத்தின் பெயரிலேயே பெறப்பட வேண்டும்.

இரண்டாவது, புதுப்பிக்க வேண்டிய நாளை நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். இயன்றால் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம். முதலாண்டுக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டி, அடுத்த ஆண்டு முதல் உயர்த்துபவர் உண்டு. ஆகையால் புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது, கடவுச்சொற்களை உறையிலிட்டு முத்திரை வைத்துச் சங்கப் பெட்டகத்தில் பாதுகாக்க வேண்டும். செயலாளர் மாறும்போது சாவிக்கொத்தையும் ரொக்கப் புத்தகத்தையும் ஒப்படைப்பது போல் இதனையும் பட்டியலில் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். புதியவர் வந்ததும் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும்.

பெயர் சிறியதாக இருத்தல் நலம். தொலைபேசியில் ஒரு முறை சொன்னால் கேட்பவர் பிழையின்றி எழுதிக்கொள்ளக்கூடிய பெயரே நல்ல பெயர். முடிவில் ‘.இன்’ என்ற இந்திய ஈறு வைத்துக்கொள்ளலாம். கூட்டுறவு நிறுவனங்களுக்கென்றே ‘.கூப்’ என்ற ஈறு 2002 முதல் வழங்கிவருகிறது. கூட்டுறவு அமைப்பு என்று மெய்ப்பித்தவருக்கே அது கிடைக்குமாதலால், வாங்குவோருக்கு ஒரு நம்பிக்கை உண்டாகும். தனியார் ஈறுகளைக் காட்டிலும் அதற்குக் கட்டணம் மிகுதி என்பதையும் கருதி முடிவு செய்துகொள்ளலாம்.

முதற் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

பல தளங்களின் முதற் பக்கத்தில் தலைவர், செயலாளர் ஆகியோரின் படங்களும் நீண்ட வரவேற்புரையும் காணப்படுகின்றன. பொருள் வாங்க வந்தவருக்கு அவை முதலில் வேண்டுவதில்லை. நீங்கள் யார், எவ்வூர், என்ன விற்கிறீர்கள், விலை என்ன, எப்படி வாங்குவது என்ற ஐந்து கேள்விகளுக்கும் பக்கத்தைத் தள்ளிப் பார்க்காமலே விடை கிடைக்க வேண்டும். அதன் கீழே சங்கத்தின் பதிவு எண், முழு முகவரி, தொலைபேசி எண், அலுவலக நேரம், விடுமுறை நாள் ஆகியவை இருக்கலாம்.

இது மரியாதை மட்டுமன்று, சட்டமும் ஆகும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, இணையத்தில் விற்போர் தம் பெயர், முகவரி, தொடர்பு விவரங்கள், குறைதீர்ப்பு அலுவலரின் பெயர், பொருளைத் திருப்பிக்கொள்ளும் முறை ஆகியவற்றைத் தெளிவாகக் காட்ட வேண்டும். வந்த புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்திற்குள் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்த்துவைக்க வேண்டும். சங்கத்தில் இப்பொறுப்பை ஏற்பவர் யார் என்பதைத் தளம் திறக்குமுன்னரே தீர்மானித்துவிடுங்கள். வெளிமாநிலங்களுக்கு விற்பதாயின் ஜி.எஸ்.டி. பதிவைப் பற்றி ஆடிட்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

படமும் விவரமும்

கடையில் சேலை வாங்குபவர் முந்தானையைப் பிரித்துப் பார்க்கிறார். விரலால் தடவிப் பார்க்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். இணையத்தில் இம்மூன்றையும் படமும் சொல்லும் சேர்ந்து செய்ய வேண்டும்.

படம் எடுக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. காலை வேளையில், நேர்வெயில் படாத தாழ்வாரத்தில், வெள்ளைத் துணியைப் பின்னே கட்டிக் கைப்பேசியால் எடுத்தாலே போதும். மின்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் நிறம் மாறிவிடும். பிறகு “நான் கண்ட நிறம் இதுவன்று” என்று பொருள் திரும்பிவரும். ஒவ்வொரு சேலைக்கும் உடல், கரை, முந்தானை, பின்புறம் என்று நான்கு படங்கள் வேண்டும். நிறத்தின் பெயரையும் எழுதுங்கள். மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ நிறம், வெங்காயச் சருகு, கத்தரிப்பூ என்று நம் தாய்மார் வழங்கும் பெயர்கள், வெறும் பச்சை, சிவப்பு என்பவற்றைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தும்.

விவரத்தில் புகழுரை வேண்டாம், அளவு வேண்டும். நூலின் நம்பர், நீளம், அகலம், எடை, சாயம் எத்தகையது, ரவிக்கைத் துணி சேர்ந்ததா இல்லையா, முதற்சலவை எப்படிச் செய்வது ஆகியவற்றை எழுதுங்கள். சரிகையாயின் அது அசலா, போலியா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு சேலைக்கு எத்தனை நாள் தறியில் அமர வேண்டும் என்பதை ஒரு வரியில் குறித்தால், விலை ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு அதுவே விடையாகும்.

நெசவாளர் சங்கங்களுக்கு இத்தளம் மற்றொரு வகையிலும் பயன்படும். சேலை உள்ளிட்ட சில வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கும் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. கைத்தறிக்கென முத்திரை 2006-இல் ஏற்பட்டது. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம் ஆகியன 2005-06-இலும், ஈரோட்டு மஞ்சள் 2019-இலும் புவிசார் குறியீடு பெற்றன. இவ்வுரிமைகள் இருந்தும், அவற்றை வாங்குவோருக்கு எடுத்துரைப்பார் இல்லை. கைத்தறித் துணியை இனங்காண்பது எவ்வாறு என்று ஒரு பக்கமும், தறியில் பாவு விரித்து ஊடை செலுத்தும் காட்சியை ஒரு நிமிஷப் படமாகவும் தளத்தில் வையுங்கள். போலியைப் பற்றிப் புலம்புவதைக் காட்டிலும் அசலைக் காட்டுவதே தக்க மறுப்பு. புவிசார் குறியீட்டைப் பொருளில் பொறித்து விற்க விரும்புவோர், அங்கீகரிக்கப்பட்ட பயனர் என்று பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

விவசாய அன்பர்கள் தம் பக்கத்தில் பருவத்தை முன்னறிவித்தல் நன்று. மாம்பழம் எந்த மாதத்தில் வரும், எவ்வகை முதலில் பழுக்கும், முன்பதிவு எந்நாள் வரை என்பதை எழுதிவைத்தால், பறிப்பதற்கு முன்னரே விற்பனை உறுதியாகிவிடும். மஞ்சள் தூள், எண்ணெய் போன்ற உணவுப்பொருள்களை விற்பதாயின் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும், பொட்டலமாயின் நிகர எடை, அதிகபட்ச விலை ஆகியவற்றையும் காட்ட வேண்டும்.

தேடுபவர் கண்ணில் படுவது எப்படி?

தேடுபொறி என்பது எழுத்தைப் படிக்கும். படத்தினுள் பொறித்த எழுத்தை அது செவ்வனே படிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. விலைப்பட்டியலையும் முகவரியையும் அழகிய படமாகச் செய்து ஒட்டுவது, பெயர்ப்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டுவதை ஒக்கும். எழுத்தாகவே எழுதுங்கள்.

தமிழை யூனிகோடு முறையில் தட்டச்சு செய்ய வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்தவை அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் கோணல்மாணலாகத் தோன்றும், தேடினாலும் அகப்படா. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிப் பக்கங்கள் இருப்பது வெளிமாநில விற்பனைக்கு உதவும்.

வாங்குபவர் எச்சொல்லால் தேடுவார் என்று எண்ணிப் பாருங்கள். “அனைத்து ரக ஜவுளிகள்” என்று எவரும் தேடுவதில்லை. “குழந்தைக்குப் பருத்தித் துண்டு”, “ஆறு கெஜம் கைத்தறிச் சேலை” என்றே தேடுவர். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கமும், அப்பொருளின் பெயரையே தலைப்பாகவும் வையுங்கள். கூகுள் வரைபடத்தில் சங்கத்தின் கடையைப் பதிவு செய்வதற்குக் கட்டணமில்லை. அதில் நேரமும் தொலைபேசி எண்ணும் சரியாயிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். “தேடலில் முதலிடம் வாங்கித் தருகிறோம்” என்று பணம் கேட்டு வருபவரை நம்ப வேண்டாம். அவ்விடத்தை உறுதியளிக்க எவராலும் இயலாது.

தளம் அமைந்ததும் அதனை அலுவலகக் கணினியில் மட்டும் பார்த்துத் திருப்தியடைந்துவிடாமல், மலிவான கைப்பேசி ஒன்றில், சமிக்ஞை குறைந்த இடத்தில் நின்று திறந்து பாருங்கள். கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று 3 அல்லது 4 மெகாபைட் இருக்கும். அதனைச் சுருக்கி 200 கிலோபைட் அளவில் ஏற்றினால் விரைவில் திறக்கும். திறக்கத் தாமதமாகும் கடையில் வாடிக்கைக்காரர் காத்து நிற்பதில்லை.

பணம் வாங்குவதில் எச்சரிக்கை

2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையால் சிறு சங்கமும் எளிதில் பணம் பெற இயலுகிறது. ஆனால் பெறும் கணக்கு சங்கத்தின் கணக்காகவே இருக்க வேண்டும். எழுத்தரின் சொந்தக் கணக்கில் வாங்கிப் பிறகு செலுத்துவது, அவர் எத்துணை நேர்மையானவராயினும், தணிக்கையில் ஏற்கத்தக்கதன்று. ஒவ்வொரு நாளும் மாலையில் இணைய விற்பனையை வங்கிக் கணக்குடன் ஒப்பிட்டு ரொக்கப் புத்தகத்தில் பதிந்துவிட வேண்டும்.

மோசக்காரர்கள் கையாளும் உபாயங்கள் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். பணம் அனுப்பியதாகக் கைப்பேசித் திரையின் படத்தை அனுப்பிச் சரக்கைக் கேட்பர். படத்தை நம்பாமல் வங்கிக் கணக்கில் தொகை சேர்ந்ததைப் பார்த்த பின்னரே சரக்கை அனுப்ப வேண்டும். “உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்” என்பர். பணம் கொடுப்பதற்கே ரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டுவதில்லை. இவ்வொன்றை மட்டும் எல்லா அங்கத்தினரும் மனத்திற்கொண்டாலே பல நஷ்டங்கள் தவிர்க்கப்படும். கடையில் ஒட்டிய கியூ.ஆர். சீட்டின் மேல் வேறொரு சீட்டை ஒட்டிச் செல்வதும் உண்டு. நாள்தோறும் காலையில் அதைச் சோதித்துப் பாருங்கள். ஏமாற்றப்பட்டுவிட்டால் வெட்கித் தாமதிக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவில் தெரிவிக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.

வாடிக்கைக்காரர் தந்த தொலைபேசி எண்ணும் முகவரியும் நம்மிடம் அடைக்கலமாக ஒப்படைத்தவை. அவற்றைப் பிறருக்குத் தருவதோ விற்பதோ கூடாது. இதற்கென 2023-இல் தனிச்சட்டமும் இயற்றப்பட்டுள்ளது.

அன்றாடக் காரியம்

கடை திறந்தால் போதாது. தினமும் பெருக்கிக் கோலமிட வேண்டும். விற்றுப்போன சேலை தளத்தில் இருந்துகொண்டேயிருந்தால், பணம் கட்டியவருக்குத் திருப்பியனுப்பும் சங்கடம் நேரும். கைத்தறியில் ஒரு ரகம் ஒன்றே ஒன்றாக இருப்பதுண்டு. ஆதலால் விற்றவுடன் நீக்கிவிட வேண்டும். கடிதங்களுக்கு அன்றன்றே மறுமொழி அனுப்ப வேண்டும். குறை கூறி எழுதுபவரிடம் வாதம் செய்யாமல், குறையைத் தீர்த்து, தீர்த்ததை அங்கேயே இரண்டு வரியில் எழுதுங்கள். நம்மவரைக் கொண்டே பொய்யான பாராட்டு எழுதுவித்தல் சங்கத்திற்கு இழுக்கு.

இவற்றுக்கெல்லாம் ஆள் ஏது என்று கேட்கலாம். நெசவாளர் குடும்பங்களில் படித்த பெண்களும் பிள்ளைகளும் இல்லாமலில்லை. அவர்களுள் இருவரைத் தேர்ந்து, ஒருவருக்கு ஒருவர் மாற்றாக இருக்கும்படி பயிற்றி, உரிய ஊதியமும் கொடுத்தால் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தில் இவ்வேலை முடியும். இலவசமாகச் செய்யச் சொல்லும் வேலை இரண்டு மாதத்தில் நின்றுபோகும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மூன்று விஷயங்களை மட்டும் பொருளாக வையுங்கள்: சங்கத்தின் இணைய முகவரி யார் பெயரில் உள்ளது, அதனைப் புதுப்பிக்கும் நாள் எது, இணைய விற்பனைப் பணம் எக்கணக்கில் சேருகிறது. இம்மூன்றுக்கும் விடை தெரிந்த சங்கம் தைரியமாக மேற்செல்லலாம். இன்னும் தளம் வைக்காத சங்கம், பத்துப் பொருள்களுடன் தொடங்கட்டும். அப்பத்துக்கும் படமும் அளவும் விலையும் சரியாயிருக்கட்டும். நம் தறியிலும் வயலிலும் உழைப்பவர் பெயர், வாங்குபவர் கைவரையில் தடையின்றிச் சென்று சேர அதுவே நல்ல தொடக்கம்.